கம்பிக்கு ஊரடங்கு இல்லை

நான் முதன்முதலாக வளைத்த அடம்ஸ் கிளாஸ்ப்பை மெடம் வாங்கி, ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை திருப்பிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. மேசையோரத்தில் இருந்த பழைய பால்மா டின்னுக்குள் அதைப் போட்டுவிட்டு, புதிய கம்பித் துண்டு ஒன்றை வெட்டி என் கையில் தந்தார். அன்று மாலைக்குள் அந்த டின்னில் பதினொரு துண்டுகள் சேர்ந்துவிட்டன.

2019 இன் கடைசி மாதங்கள் அவை. பேராதனையில் பல் மருத்துவம் படித்து முடித்து மட்டக்களப்புக்குத் திரும்பி, நகரில் ஒரு தனியார் சிகிச்சை நிலையத்தில் மெடத்திடம் வேலை பழகச் சேர்ந்திருந்தேன். அவர் பல் சீரமைப்பு நிபுணர். கழற்றி மாட்டும் தட்டுகளைக் கடைவாய்ப் பல்லில் பிடித்து வைக்கும் இந்தக் கிளாஸ்ப்பைப் பற்றி நான் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். 1950 அளவில் பிலிப் அடம்ஸ் என்பவர் வகுத்த வடிவம் என்பதும், 0.7 மில்லிமீற்றர் உருக்குக் கம்பியில் செய்வது என்பதும் எனக்கு மனப்பாடம். கைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை.

கடைவாய்ப் பல்லின் கன்னப் பக்கத்தில், ஈறை ஒட்டி, முன்னும் பின்னுமாக இரண்டு சிறு பள்ளங்கள் உண்டு. கண்ணுக்கு இலகுவில் தெரியாது. பிளாஸ்டர் மாதிரியில் நகத்தை மேலிருந்து கீழே இழுத்தால், பல்லின் வயிறு தாண்டியதும் நகம் சற்று உள்ளே இறங்கும். அந்த இறக்கத்துக்குள் கம்பியின் இரண்டு அம்புத்தலைகளும் போய் உட்கார வேண்டும். இரண்டுக்கும் நடுவில் ஓடும் பாலம் பல்லைத் தொடாமல் எட்டி நிற்க வேண்டும். எட்டி நின்றால்தான் நோயாளி விரல் நுனியை அதில் கொழுவித் தட்டைக் கழற்றலாம். என் அம்புத்தலைகளில் ஒன்று பள்ளத்தில் இறங்கினால் மற்றது ஈறைக் குத்தும். இரண்டும் இறங்கினால் பாலம் பல்லில் அப்பிக்கொள்ளும்.

பிழையைத் திருத்தப் போவதுதான் பெரிய பிழை என்பதை விளங்கிக்கொள்ளப் பல வாரங்கள் எடுத்தன. வளைத்ததை நிமிர்த்தி மறுபடி வளைத்தால் உருக்கு அந்த இடத்தில் இறுகும். முதலில் விரலுக்கு இணங்கிய கம்பி, மூன்றாவது தடவை முறைத்துக்கொண்டு நிற்கும், நான்காவதில் ஒடியும். அப்படி ஒடியாமல் தப்பியதொன்றை நல்லது என்று நினைத்து மெடத்திடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, கம்பியைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து, வளைவில் இருந்த மெல்லிய வெட்டுத் தழும்பைக் காட்டினார். பிளையரின் விளிம்பு கடித்த தழும்பு. "இது உங்க மேசையில ஒடியாது தம்பி. ஒரு பிள்ளையின்ட வாயில, மூணு மாசத்தால ஒடியும்." அதுவும் டின்னுக்குள் போயிற்று.

பிறகு என் வலக்கையைப் பிடித்து பிளையரை இறுகப் பற்றவைத்தார். இடக்கைப் பெருவிரலைக் கம்பியின் மேல் வைத்தார். "பிளையர் பிடிக்கிறதுக்கு மட்டும்தான். வளைக்கிறது பெருவிரல்." அவர் சொன்னபடி அழுத்தினேன். கம்பி பிளையரின் மூக்கைச் சுற்றிக்கொண்டு போனது. அந்த ஒரு வளைவு சரியாக வந்தது. அடுத்தது வரவில்லை.

2020 மார்ச் 20, வெள்ளிக்கிழமை மாலை, கொரோனாவால் நாடு முழுவதும் ஊரடங்கு. அதற்கு முன்பே வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களைப் புனானையில் தனிமைப்படுத்தத் தொடங்கியிருந்தார்கள் என்பதால் எங்கள் மாவட்டத்தில் பயம் சற்று முந்தியே வந்துவிட்டது. வாயைத் திறந்து வைத்து, தண்ணீர் சிதறச் சிதறச் செய்யும் வேலை எங்களுடையது; அந்தச் சிதறல் காற்றில் நின்று நோயைப் பரப்பும். சிகிச்சை நிலையத்தைப் பூட்டினோம். பூட்டுவதற்கு முன் மெடம் ஒரு பெட்டியில் பிளையர் ஒன்று, கம்பிச் சுருள், நாலைந்து பிளாஸ்டர் மாதிரிகள் எல்லாவற்றையும் வைத்து என்னிடம் தந்தார். கூடவே அந்தப் பால்மா டின்னையும்.

அன்றிரவு கல்லடியில் என் வீட்டு மொட்டைமாடியில் நின்று அவருடைய தொலைபேசி அழைப்பைக் கேட்டது நன்றாக நினைவிருக்கிறது. கல்லடிப் பாலத்தில் ஒரு வாகன வெளிச்சமும் இல்லை. "நாங்க வீட்டில இருக்கிறம் எண்டு வாயில இருக்கிறது நிண்டுடுமா? கம்பிக்கு ஊரடங்கு இல்ல தம்பி" என்றார். பிறகு யார் யாருடைய வாயில் என்ன இருக்கிறது என்று பிரித்துச் சொன்னார்.

அந்தப் பாடம் இப்போதும் என் விரல்களில் இருக்கிறது. சிகிச்சையின் தொடக்கத்தில் போடும் நிக்கல் டைட்டேனியக் கம்பியைக் கையில் எடுத்தால் பச்சை ஈர்க்குபோல வளையும். விட்டால் பழையபடி நிமிரும். அது தன் பழைய வடிவத்துக்குப் போகிற அளவுக்குத்தான் பல்லை இழுக்கும். பற்கள் வரிசைக்கு வந்ததும் அதன் வேலை முடிந்துவிடும். நாலு மாதம் பார்க்காமல் விட்டாலும் பெரிய கெடுதி இல்லை. ஆனால் மேல்தாடையிலிருந்து கீழ்த்தாடைக்குக் கொழுவும் சின்ன றப்பர் வளையம் அப்படியல்ல. தினமும் புதியதை மாட்டுவதால் தினமும் புதிதாக இழுக்கும். எங்கே நிறுத்துவது என்று அதற்குத் தெரியாது. பார்க்கிற ஆள்தான் நிறுத்த வேண்டும். அழுத்தம் விழுகிற பக்கத்தில் எலும்பு கரைந்து, மறுபக்கத்தில் புது எலும்பு படிந்து, பல் மாதத்துக்கு ஒரு மில்லிமீற்றர் அளவில் நகர்கிறது. மூன்று மாதம் கண்காணிப்பு இல்லாவிட்டால் என்னாகும் என்று கணக்குப் பார்த்துக்கொள்ளலாம். "றப்பர் போடுற எல்லாரையும் நிப்பாட்டச் சொல்லுங்க. எல்லாரையும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த நாளே அழைப்புகள் வரத் தொடங்கின. பிரக்கெட் கழன்றது, சாப்பிடும்போது கம்பி வழுகியது, ரிட்டெய்னர் உடைந்தது. ஆரையம்பதியில் ஒரு பையனுக்குக் கடைசிப் பல்லுக்குப் பின்னால் கம்பி முனை நீண்டு கன்னத்தைக் கிழித்துக்கொண்டிருந்தது. மெழுகு வாங்க மருந்துக்கடை திறந்திருக்கவில்லை. வட்ஸ்அப் வீடியோவில் தாயிடம், பென்சிலின் அழிறப்பர் முனையைக் கழுவித் துடைத்து அதால் கம்பியை "உள்ளுக்குத் தள்ளுங்க" என்றேன். பையன் அலறினான். எனக்கு உள்ளுக்கு என்றால் பல்லோடு சேர்த்து. அந்தத் தாய்க்கு உள்ளுக்கு என்றால் தொண்டைப் பக்கம். அவர் நான் சொன்னதைத்தான் செய்தார். முனை கன்னத்தில் இன்னும் ஆழமாக ஏறியது. "டொக்டர், இரத்தம் வருது" என்ற குரலோடு சிக்னல் அறுந்தது. மறுபடி தொடர்பு கிடைக்கப் பத்து நிமிடமாவது ஆகியிருக்கும். என் வாழ்க்கையின் நீளமான பத்து நிமிடம் அது.

நடந்ததைச் சொன்னபோது மெடம் கோபப்படவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, ஒரு பென்சிலை என் சொந்த வாய்க்குள் விட்டு, நான் செய்வதை அப்படியே வாயால் சொல்லிப் பார்க்கச் சொன்னார். புத்தகச் சொற்கள் ஒன்றும் உதவவில்லை. "சுட்டுவிரலால கன்னத்தை வெளியால இழுத்துப் பிடிங்க. கம்பி முனை தெரியுதா? அதைப் பல்லோட ஒட்டி மடக்குங்க, கதவை மூடுற மாதிரி." இந்த வாசகத்துக்கு வந்துசேர எனக்கு ஒரு முழு இரவு வேண்டியிருந்தது. மறுநாள் அதே தாய், அதே பென்சிலால், ஒரே முயற்சியில் மடக்கினார். பையன் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினான்.

பகலில் அழைப்புகள், இரவில் கம்பி. சில நாட்களுக்கு ஒருமுறை ஊரடங்கைச் சில மணி நேரம் தளர்த்துவார்கள்; மற்றபடி நானும் மேசை விளக்கும்தான். வளைத்ததை மாதிரியில் வைத்து முன்னால், பக்கத்தால், மேலால் என்று மூன்று படம் அனுப்புவேன். பதில் பெரும்பாலும் ஒரே சொல்தான்: "டின்." ஏப்ரல் கடைசியில் ஓர் இரவு, அம்புத்தலைகளை அழுத்தியபோது ஒரு சின்ன "டிக்" கேட்டது. கம்பி பல்லின் வயிற்றைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்த சத்தம். மாதிரியைத் தலைகீழாகப் பிடித்தேன். கம்பி விழவில்லை. படம் அனுப்பினேன். "வைச்சிருங்க" என்று பதில் வந்தது. உண்மையைச் சொன்னால், பட்டம் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சந்தோஷம் எனக்கு இருக்கவில்லை.

ஜூனில் கதவைத் திறந்தோம். முகக்கவசம், முகத்தை மறைக்கும் தகடு, ஒருவருக்கும் அடுத்தவருக்கும் இடையில் நீண்ட இடைவெளி. முதல் வாரத்திலேயே, வாவிக்கு அப்பாலுள்ள படுவான்கரையிலிருந்து ஒரு பிள்ளை தகப்பனோடு வந்தாள். மண்முனைப் பாலத்தைத் தாண்டி மோட்டார் சைக்கிளில் வந்திருந்தார்கள். பதினாறு வயது. மார்ச் தொடக்கத்தில் பார்த்தபோது, இன்னும் நாலு வாரம் றப்பர் போட்டால் கடி சரியாகிவிடும் என்ற நிலையில் இருந்தவள்.

வாயைத் திறந்து கடிக்கச் சொன்னேன். மேல் முன்பற்கள் கீழ்ப்பற்களுக்கு முன்னால் நிற்க வேண்டியவை. முனைக்கு முனை முட்டிக்கொண்டு நின்றன. ஒரு பக்கத்தில் கீழ்ப்பல் முந்தியே விட்டிருந்தது.

"றப்பர் போட்டீங்களா?"

"ஓம் டொக்டர். ஒருநாளும் விடல்ல." பையிலிருந்து பக்கெட்டை எடுத்துக் காட்டினாள். நூறு றப்பர் உள்ள பக்கெட்டில் மூன்று மிச்சம். தீர்ந்துவிடும் என்று பயந்து, பிறகு ஒரு சோடியை இரண்டு நாள் போட்டிருக்கிறாள். "நீங்க நிப்பாட்டச் சொல்லல்லையே."

நான் சொல்லவில்லைதான். மெடம் சொன்ன "எல்லாரையும்" என்பதை, அழைத்த எல்லாரையும் என்று என் கை தானாகவே குறுக்கிக்கொண்டது. யார் அழைத்தார்களோ அவர்களுடைய பெயரை எழுதி, பதில் சொல்லி, கோடு கீறினேன். இந்தப் பிள்ளை அழைக்கவில்லை. அவளுக்கு நோவில்லை, ஒன்றும் உடையவில்லை. வீட்டில் இருந்தது தகப்பனின் ஒரே தொலைபேசி. அவர் இரவில் வாவியில் வலை போடுகிறவர். நான் ஏப்ரலில் ஒரேயொரு தடவை எடுத்து, பிரச்சினை ஏதும் உண்டா என்று கேட்டிருக்கிறேன். "ஒண்டுமில்ல டொக்டர், பிள்ளை ஒழுங்காப் போடுறா" என்றார் அவர். நல்லது என்று சொல்லி வைத்துவிட்டேன். சொல்கேட்டு நடந்த பிள்ளைக்குத்தான் அந்தக் கெடுதி நடந்தது. இதை எழுதும்போதும் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

மெடம் அந்தத் தகப்பனிடம் மறைக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பிழை, திருத்தலாம், சில மாதம் கூட எடுக்கும், அதற்குக் காசு வாங்கமாட்டோம் என்று நேராகச் சொன்னார். அவர் கொஞ்ச நேரம் மகளின் முகத்தையே பார்த்துவிட்டு, "சரி, பாருங்க" என்றார். அவர்கள் போன பிறகு மெடம் மார்ச் மாத மாதிரியையும் புதிய மாதிரியையும் என் முன்னால் வைத்து, அளவுகோலைத் தந்தார். ஒவ்வொரு பல்லும் எவ்வளவு நகர்ந்தது என்று அளந்து எழுத அன்று இரவாகியது. அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

றப்பரை நிறுத்தியதும் பற்கள் தாமாகவே கொஞ்சம் பின்வாங்கின. மீதிக்குச் சில வாரம் எதிர்ப்பக்கமாக மெல்லிய றப்பர். ஒவ்வொரு தடவையும் அவளை நானே பார்த்தேன். 2021 தைப்பொங்கல் கழிந்து கம்பியைக் கழற்றினோம். பற்கள் திரும்ப நகராமல் பிடித்து வைக்கும் ரிட்டெய்னர் தட்டுக்கு, அவளுக்காகக் கம்பி வளைக்கச் சொல்லி மெடம் என்னிடம் தந்தார். நாலு தடவை டின்னுக்குள் போட்டேன், யாரும் சொல்லாமலே. ஐந்தாவதை அவர் எடுத்து, தழும்பு இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவினார். பிளையரைத் தொடவில்லை. "தட்டுக் கட்டுங்க" என்றார்.

அந்த வருடம் மே 21 இரவிலிருந்து மறுபடி நாடு முழுவதும் பயணக் கட்டுப்பாடு. அன்று மாலை நோயாளர் கோவைகள் முழுவதையும் மேசையில் அடுக்கினேன். வழமையாக அழைக்கிறவர்களைக் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு, ஒருநாளும் அழைக்காதவர்களை மேலே வைத்தேன். முதல் அழைப்பு படுவான்கரைக்கு. நீண்ட நேரம் மணி அடித்தது. எடுத்தபோது பின்னால் தண்ணீர் வள்ளத்தில் மோதும் சத்தம் கேட்டது.

"பிள்ளை இரவில தட்டைப் போடுறாவா அண்ணன்?"

"போடுறா டொக்டர்."

"போடேக்க எப்படிச் சத்தம் வருது எண்டு கேட்டுச் சொல்லுங்க. நான் லைன்ல நிற்கிறன். வீட்ட போனதும் சொன்னாலும் சரி."

இரவு ஒன்பதரைக்கு அவளே அழைத்தாள். தொலைபேசியைக் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு தட்டை மாட்டினாள். எனக்கும் கேட்டது.