மூன்று தலைமுறை, ஒரு தீவு

தாத்தாவுக்கு முழங்கால் வலி, பேரனுக்குக் கடல் ஆசை. குடும்பத்தோடு தீவுக்குப் புறப்படுகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பஞ்சாங்கத்தை, அப்புறம்தான் படங்களை.

தீவுக்குப் போகலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்க ஐந்து நிமிஷம் போதும். எந்தத் தீவு என்று முடிவெடுக்க ஐந்து மாதம்கூடப் போதாது. டெல்லியிலும் புனேயிலும் பெங்களூரிலும் சிதறிக் கிடக்கும் பிள்ளைகள், மதுரையிலோ கும்பகோணத்திலோ இருக்கும் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு கிளம்ப நினைத்தால் ஆளுக்கொரு நிபந்தனை முளைக்கிறது. பாட்டிக்குத் தயிர் சாதம் கிடைக்க வேண்டும். தாத்தாவுக்குப் பக்கத்தில் மருத்துவமனை வேண்டும். மருமகளுக்கு நாலு நாளாவது அடுப்படி ஞாபகம் வரக் கூடாது. பதினைந்து வயதுப் பேரன் கடலுக்கடியில் மீன்களைப் பார்க்க வேண்டும். நாலு வயதுப் பேத்திக்கு மணல் போதும்.

யாரும் வாய்விட்டுச் சொல்லாத கணக்கு ஒன்றும் உண்டு. தாத்தாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. எல்லோருமாகப் போகும் பயணம் இன்னொன்று வாய்க்குமா என்பது நிச்சயமில்லை. தவறான தீவைத் தேர்ந்தெடுத்தால் நஷ்டம் பணத்தோடு முடிவதில்லை.

பள்ளிக்கூடமும் பருவக்காற்றும்

முதல் வில்லன் நாட்காட்டி. வங்கக் கடலும் அரபிக் கடலும் அமைதியாக இருக்கும் ஜனவரி, பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பிள்ளைகளுக்குப் பரீட்சை. பரீட்சை முடிந்து கோடை விடுமுறை களைகட்டும் மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிடுகிறது. கேரளத்தில் ஜூன் முதல் தேதி வாக்கில் தொடங்கும் மழை, தெற்கு அந்தமான் கடலில் மே மூன்றாம் வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். லட்சத்தீவில் மே பாதிக்குப் பிறகு கடல் கொந்தளிப்பு. செப்டம்பர் வரை படகில் ஏற முதியவர்களை அழைத்துப் போவது புத்திசாலித்தனமல்ல.

மிஞ்சுவது டிசம்பர் கடைசி. ஆனால் நாடே அப்போதுதான் புறப்படுகிறது. விமானக் கட்டணம் எகிறிவிடும். புயல் பயமும் முழுதாக நீங்கியிருக்காது. 2016 டிசம்பரில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலத்தால் அந்தமானின் ஹேவ்லாக், நீல் தீவுகளில் 1,400க்கும் மேற்பட்ட சுற்றுலாப் பயணிகள் சிக்கிக்கொண்டு, கடற்படைக் கப்பல்கள் போய் மீட்க நேர்ந்தது. மாத்திரையைக் கணக்காக எண்ணி எடுத்துப் போகிற முதியவர்களுக்கு இது சின்ன விஷயமல்ல.

ஆக, பெரும்பாலான குடும்பங்களுக்கு ஒத்துவரும் காலம் மார்ச் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை. வெயில் கடுமைதான். ஆனால் கடல் பெரும்பாலும் சாது.

லட்சத்தீவு: அழகு அதிகம், படகும் அதிகம்

36 தீவுகள், மொத்தமே 32 சதுர கிலோமீட்டர் நிலம், மக்கள் வாழ்வது 10 தீவுகளில். பவளப்பாறை வளையத்துக்குள் கண்ணாடி போன்ற காயல். 2024 ஜனவரியில் பிரதமர் அங்கே போய்வந்த படங்கள் வெளியான பிறகு நாடு முழுவதும் விசாரிப்புகள் குவிந்தன. குழந்தைகள் இறங்கி விளையாட இந்தியாவில் இதைவிட அமைதியான நீர் கிடைப்பது அரிது.

ஆனால் போய்ச்சேர வேண்டுமே. விமான நிலையம் அகத்தியில் மட்டும். ஓடுபாதை சுமார் 1,200 மீட்டர்தான் என்பதால் சிறிய விமானங்களே இறங்கும். கொச்சியிலிருந்து கப்பலில் போனால் 14 முதல் 18 மணி நேரம். பல தீவுகளில் பெரிய கப்பல் காயலுக்குள் நுழைய முடியாது. வெளியே நிற்கும் கப்பலிலிருந்து ஆடும் சிறு படகுக்கு மாற வேண்டும். பேரன் குதித்துவிடுவான், முழங்கால் தேய்ந்த பாட்டி என்ன செய்வார்?

இந்தியக் குடிமக்களும் நுழைவு அனுமதி பெற்றாக வேண்டும் என்பது 1967ஆம் ஆண்டு விதி. பத்துப் பேர் என்றால் பத்து விண்ணப்பம். உடல்நிலை மோசமானால் கடைசி நம்பிக்கை கொச்சிக்குப் பறக்கும் ஹெலிகாப்டர். பெரியவர்கள் திடமாக இருக்கும் குடும்பத்துக்கு லட்சத்தீவு வரம். மற்றவர்கள் யோசிக்க வேண்டும்.

வெளிநாட்டுக் கடற்கரைகள்

ராஜராஜனின் மெய்க்கீர்த்தி பன்னீராயிரம் தீவுகள் என்று எண்ணிய மாலத்தீவு, திருவனந்தபுரத்திலிருந்து சுமார் ஒன்றரை மணி நேரப் பறப்பு. ஒரு தீவுக்கு ஒரு விடுதி என்பது அங்குள்ள ஏற்பாடு. தேனிலவுக்கு அது வசதி. தாத்தாவுக்கு இரண்டாம் நாளே சலித்துவிடும். நடந்துபோய் நாலு பேரைப் பார்க்க ஒரு கடைத்தெரு கிடையாது. நீர்மேல் கட்டிய குடில்கள் படத்தில் அழகு. தத்தித்தத்தி ஓடும் குழந்தை இருந்தால் ராத்திரி தூக்கம் போகும். கடல் விமானங்கள் பகலில் மட்டுமே பறப்பதால், மாலையில் போய் இறங்குகிறவர்கள் தலைநகர்ப் பகுதியில் ஓர் இரவு செலவழிக்க வேண்டியிருக்கும்.

மே மாதம்தான் லீவு என்று அடம்பிடிக்கும் குடும்பத்துக்கு இலங்கையின் கிழக்குக் கரை நல்ல பதில். தென்மேற்குப் பருவத்தில் கொழும்புப் பக்கம் நனையும்போது திருகோணமலைப் பக்கம் வெயிலடிக்கும். நிலாவெளியில் மணலும் எதிரே புறாத் தீவில் பவளப்பாறையும் இளசுகளுக்கு. கடலை நோக்கிய குன்றின்மேல் சம்பந்தர் பாடிய திருக்கோணேஸ்வரம் பாட்டிக்கு. மொழிப் பிரச்னை இல்லை, சாப்பாட்டுப் பிரச்னை இல்லை. ஆனால் கொழும்பு விமான நிலையத்திலிருந்து சாலையில் பல மணி நேரம். எல்லோருக்கும் பாஸ்போர்ட் வேண்டும். வயதானவர்களின் பாஸ்போர்ட் காலாவதியாகிப் பீரோவில் கிடப்பது பெரும்பாலும் டிக்கெட் வாங்கும் நாளில்தான் தெரியவரும்.

அந்தமான்: எல்லோருக்கும் ஏதோ ஒன்று

தலைநகர் போர்ட் பிளேரின் பெயர் 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று மாறியது. பழக்கத்தில் பழைய பெயர் இன்னும் போகவில்லை. சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். கப்பல் என்றால் ஏறக்குறைய மூன்று நாள், முதியவர்களுக்கு வேண்டாம். வழக்கமான சுற்றுலா இடங்களுக்கு இந்தியர்களுக்குத் தனி அனுமதி தேவையில்லை. நிகோபார் தீவுகள் மட்டும் பொதுச் சுற்றுலாவுக்கு மூடப்பட்டவை.

2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் சுமார் 15 சதவீதம் பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆட்டோவிலும் கடையிலும் தமிழ் காதில் விழும், இட்லி கிடைக்கும், முருகன் கோயில் இருக்கிறது. அரசின் ஜி.பி. பந்த் மருத்துவமனை நகருக்குள்ளேயே உள்ளது. பெரியவர்கள் உள்ள குடும்பம் தலைநகரைத் தளமாக வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

அந்த மருத்துவமனை நிற்கும் இடத்துக்கே ஒரு கதை உண்டு. 1896இல் தொடங்கி 1906இல் முடிந்த செல்லுலார் சிறைக்கு ஏழு சிறகுகள் இருந்தன. மூன்றுதான் மிஞ்சியிருக்கின்றன, இடிக்கப்பட்ட சிறகுகள் இருந்த வளாகத்தில் எழுந்ததுதான் மருத்துவமனை. தனிக் கொட்டடிகளின் வரிசையைத் தாத்தா கீழ்த்தளத்திலேயே பார்த்துவிடலாம், மேல்மாடம் பேரனுக்கு. மாலை ஒலி ஒளிக் காட்சியை உட்கார்ந்து பார்க்கலாம். பாடப்புத்தகத்தில் பேரன் படித்ததைத் தாத்தா தன் காலத்து நினைவுகளோடு விளக்கும் இடம் இது. மற்ற தீவுகளில் கடற்கரை உண்டு, இது கிடையாது.

கடலுக்கு ஹேவ்லாக். 2018இல் சுவராஜ் தீவு என்று பெயரிடப்பட்டது. வேகப் படகில் சுமார் இரண்டு மணி நேரம். வாந்தி வருபவர்கள் முன்னதாகவே மாத்திரை போட்டுக்கொள்வது நல்லது. ராதாநகர் கடற்கரை அகலமான வெண்மணல். நிழலில் பெரியவர்கள் உட்காரலாம். ஸ்கூபா முக்குளிப்புக்குப் பொதுவாகப் பத்து வயது ஆகியிருக்க வேண்டும். ஆஸ்துமா, இதய நோய் உள்ளவர்கள் தள்ளியே நிற்க வேண்டும். அவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு இருக்கிறது. முதலை எச்சரிக்கைப் பலகையை அலட்சியப்படுத்தக் கூடாது. 2010இல் ஹேவ்லாக்கில் முதலை தாக்கி ஒரு வெளிநாட்டுப் பயணி இறந்தார்.

விட்டுவிட வேண்டியது பாராடாங். சுண்ணாம்புக் குகைக்காக விடிவதற்கு வெகுமுன்பே எழுந்து, ஜாரவா பழங்குடியினரின் காட்டு வழியே வாகன வரிசையில் போய், படகு மாறி, நடக்க வேண்டும். பெரியவர்களின் உடம்பு தாங்காது என்பது ஒரு காரணம். ஜன்னல் வழியே மனிதர்களை வேடிக்கை பார்க்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுத்தர வேண்டாம் என்பது இன்னொன்று. அவர்களைப் படமெடுப்பது சட்டப்படி குற்றம். சிப்பியும் பவளமும் பொறுக்கிப் பெட்டியில் வைத்தாலும் விமான நிலையத்தில் சிக்கல் வரும்.

புறப்படுமுன்

ஐந்து இரவு என்றால் தலைநகரில் மூன்று, ஹேவ்லாக்கில் இரண்டு போதும். தீவின் மணி இந்திய மணிதான், சூரியன் மட்டும் முந்திக்கொள்கிறது: ஐந்து மணி வாக்கில் விடிந்து, மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடும். வெயில் ஏறுமுன் கடல், மதியம் தூக்கம் என்று வைத்துக்கொண்டால் மூன்று தலைமுறைக்கும் ஒத்துவரும். ஊர் திரும்பும் விமானத்துக்கு முந்தைய நாளே ஹேவ்லாக்கிலிருந்து தலைநகருக்கு வந்துவிட வேண்டும். கடல் மோசமானால் படகு ஓடாது. மருந்து ஒரு வாரத்துக்குக் கூடுதலாக இருக்கட்டும். கையில் கொஞ்சம் ரொக்கமும் வேண்டும்.

டிக்கெட்டுக்குப் பணம் கட்டுமுன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. பெரியவர்களை அவர்களுடைய டாக்டரிடம் அழைத்துப்போய், விமானம் ஏறலாமா, படகில் போகலாமா என்று கேட்டுவிடுவது. அதற்கும் முன்னால் அவர்களையே கேட்பது. பல வீடுகளில் இடம், தேதி, ஓட்டல் எல்லாம் முடிவான பிறகுதான் தாத்தாவுக்குச் செய்தி போகிறது.