இரட்டைத் தடம்

கணிப்பொறியின் பெட்டியைத் திறந்து பார்க்கும் துணிவு தமிழாசிரியன் ஒருவனுக்கு எதற்கு என்று மாணவச் செல்வங்கள் நகைக்கக்கூடும். அத்துணிவு எனக்கு ஆசையால் வந்ததன்று, கடப்பாட்டால் வந்தது.

என் ஆய்வியல் நிறைஞர் பட்டத்திற்கு நெறியாளராக விளங்கிய பெருந்தகை பணி நிறைவு பெற்றுப் பல்லாண்டுகள் ஆகின்றன. கிஸ்ஸா, மஸ்அலா, முனாஜாத்து, நாமா ஆகிய இலக்கிய வடிவங்களைப் பற்றி அவர் 1984ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வேடு அச்சேறவே இல்லை. மூலப்படி எங்கோ தொலைந்தது. கரித்தாளில் எடுத்த படி ஒன்றே எஞ்சியது. 2023ஆம் ஆண்டில் அதனை ஏடு ஏடாக ஸ்கேன் செய்து துறையின் கணிப்பொறியில் சேர்த்தோம். கண்நீர் அழுத்த நோயால் ஐயாவின் பார்வை திங்களுக்குத் திங்கள் குறுகி வந்த காலம் அது. எழுத்தைப் பெரிதாக்கிக் காட்டினால் படிப்பார், பிழை சொல்வார், நான் குறித்துக்கொள்வேன். வியாழன்தோறும் பிற்பகலில் வந்து அமர்வார்.

அமர்ந்தவர் பெரும்பாலும் காத்திருந்தார். பக்கம் திறக்க ஒரு காத்திருப்பு. பெரிதாக்கினால் மற்றொன்று. மேலும் கீழும் நகர்த்தினாலோ படம் விக்கி விக்கி நகரும். அந்த விக்கலில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வரி தப்பிப்போகும். 'தம்பி, எனக்குப் பொழுது நிறைய இருக்கிறது. கண்ணுக்குத்தான் இல்லை' என்று ஒருநாள் சொன்னார். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

கணிப்பொறி 2017இல் வாங்கப்பட்டது. டிடிஆர்4 வகையைச் சேர்ந்த 4 ஜிபி ரேம் ஒன்றே அதில் இருந்தது. அதற்கு இணையாக அதே அளவும் அதே 2400 வேகமும் உடைய மற்றொன்றை என் செலவில் வாங்கினேன். மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டு உடலின் நிலைமின்சாரத்தைப் போக்கிக்கொண்டு, பழைய ரேமுக்குப் பக்கத்திலேயே புதியதைப் பொருத்தினேன். திரையில் 8 ஜிபி என்று காட்டியது. நானே ஒரு பொறியாளன் ஆகிவிட்டதாகச் சிறிது செருக்கும் கொண்டேன். பக்கம் முன்னைவிட விரைவாகத் திறந்தது உண்மை. ஆனால் விக்கல் நிற்கவில்லை.

இரண்டாமாண்டு மாணவி ஒருத்தி இதைக் கவனித்தாள். அவளுடைய அண்ணன் பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். சிபியு-இசட் என்னும் சிறு மென்பொருளைத் திறந்து, 'மெமரி' பகுதியைக் காட்டி, 'ஐயா, இங்கே சிங்கிள் என்றுதான் இருக்கிறது. டூயல் என்று வரவேண்டும்' என்றாள். நான் ஒப்பவில்லை, இரண்டு இருக்கும்போது ஒன்று என்று எப்படிக் காட்டும் என்று வாதிட்டேன். அவ்வாதத்தை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

உண்மை இதுதான். மதர்போர்டில் ரேமுக்கென நான்கு ஸ்லாட்டுகள் இருந்தன: ஏ1, ஏ2, பி1, பி2. செயலிக்கு நினைவகத்திலிருந்து செய்தி வருவதற்குத் தடங்கள் இரண்டே. ஏ ஒரு தடம், பி மற்றொரு தடம். ஒவ்வொரு தடமும் 64 பிட் அகலமுடையது. 2400 வேகத்தில் ஒரு தடம் நொடிக்கு 19.2 ஜிபி வரை கொண்டுவரும். இரண்டும் சேர்ந்தால் 38.4. நானோ இரண்டு ரேம்களையும் ஏ தடத்திலேயே செருகியிருந்தேன்!

நம் ஊர்த் திருமண வீட்டை எண்ணிப் பாருங்கள். ஆக்கும் இடத்திலிருந்து பந்திக்கு சஹன் போகும் வாசல் ஒன்றே என்றால், தூக்கிச் செல்பவர் ஒருவரானாலும் இருவரானாலும் நெரிசல் வாசலில்தான். இரண்டாவது வாசலைத் திறந்து ஆளுக்கொரு வாசல் கொடுத்தால்தான் பந்தி விரையும்.

ஸ்லாட்டுகளுக்கு ஒன்றுவிட்டு ஒன்று வெவ்வேறு நிறம் தீட்டியிருந்ததை நான் அழகுக்கென்று கருதினேன். ஒரே நிறம் உடையவை ஒரு சோடி என்பதே அதன் பொருள். முதலிரு சீர்களில் அமையும் இணைத் தொடை என்று நினைத்து நான் தொடுத்தேன். அதுவோ இடையில் ஒரு சீர் விட்டுத் தொடுக்கும் பொழிப்பு. முப்பது பேருக்கு ஆண்டுதோறும் யாப்பு நடத்துபவன் இதில் தவறினேன்.

பெரும்பாலான மதர்போர்டுகளில் செயலியிலிருந்து எண்ணும்போது இரண்டாவதும் நான்காவதுமான ஏ2, பி2 ஆகியவற்றையே முதலில் நிரப்பச் சொல்வார்கள். எனினும் கையேட்டைப் பார்த்துவிடுவதே நலம். பழைய ரேம் ஏ2இல் இருந்தது. புதியதை ஏ1இலிருந்து கழற்றி பி2இல், ரேமின் வெட்டு ஸ்லாட்டின் மேட்டோடு பொருந்துமாறு வைத்து, இரு முனைகளையும் சீராக அழுத்தினோம். 'டக்' என்ற ஒலியுடன் கொக்கி பிடித்தது. இம்முறை 'டூயல்' என்று காட்டியது. ஒரு காசு கூடச் செலவில்லை.

இதனால் எல்லா வேலையும் இருமடங்கு விரையும் என்று யாரும் எண்ணிவிட வேண்டா. கடிதம் தட்டச்சு செய்பவருக்கு வேறுபாடே தெரியாது. எங்கள் கணிப்பொறியில் தனி கிராபிக்ஸ் அட்டை இல்லை. திரையில் படம் வரைவதற்கும் அதே ரேமைத்தான் பகிர்ந்துகொண்டாக வேண்டும். அதனால்தான் எங்களுக்குப் பயன் கண்கூடாகத் தெரிந்தது. வேகம் வேறுபட்ட இரு ரேம்களை இட்டால், மெதுவானதன் வேகத்திற்கே இரண்டும் இறங்கிவிடும் என்பதையும் வாங்குவோர் நினைவிற் கொள்க.

அடுத்த வியாழனன்று ஐயா வந்தார். ஒன்றும் சொல்லாமல் பக்கத்தை நகர்த்திக் காட்டினேன். முகத்தைத் திரைக்கு மிக அருகில் வைத்து வரி வரியாகத் தொடர்ந்து வந்தவர், ஓரிடத்தில் விரலை ஊன்றினார். 'இங்கே ஒற்று மிகக் கூடாது. நாற்பது ஆண்டுகளாக என்னை ஏமாற்றிக்கொண்டு இருந்திருக்கிறது' என்று சொல்லிச் சிரித்தார். மாணவி குறித்துக்கொண்டாள். அன்று மட்டும் பதினோரு பக்கங்கள் முடித்தோம். அஸருக்குப் பாங்கு சொல்லும் வரை அவர் எழுந்திருக்கவில்லை.