பாதம் கழுவும் வேளை

எங்கள் அன்பியத்தில் பதினேழு குடும்பங்கள் உள்ளன. தஞ்சை நகரின் எல்லையில், வயலும் வீட்டுமனையும் கலந்து கிடக்கும் பகுதி எங்களுடையது. மாதத்தில் இருமுறை ஏதேனும் ஓர் இல்லத்தில் கூடுவோம். இறைவார்த்தையை வாசித்துப் பகிர்ந்துகொள்வோம். நோயாளிகளின் பெயர்களைச் சொல்லி மன்றாடுவோம். முடிவில் கேசரியும் தேநீரும் அருந்திக் கலைவோம். இக்கட்டுரையை எங்களுள் ஒருவரே எழுதினார் என்றாலும், கூட்டத்தில் வாசித்து, எல்லாரும் கேட்டு, சில இடங்களைத் திருத்திய பின்னரே அனுப்புகிறோம். இதில் சொல்லப்படும் குற்றம் எங்கள் அனைவருக்கும் பொதுவானது.

2018-ஆம் ஆண்டுப் பெரிய வியாழனன்று, பாதம் கழுவும் சடங்கிற்காகத் தெரிந்துகொள்ளப்பட்ட பன்னிருவருள் எங்கள் வாத்தியார் ஐயாவும் ஒருவர். ஓய்வு பெற்ற ஆசிரியர். அப்போது வயது அறுபத்தாறு. பதினெட்டு ஆண்டுகளாக நீரிழிவு நோயர். பங்குத்தந்தை முழந்தாளிட்டு அவரது பாதத்தில் நீர் ஊற்றித் துடைத்து முத்தமிட்டார். திருப்பலி முடிந்து ஆலய முற்றத்தில் நின்றபோது வாத்தியார் சிரித்துக்கொண்டே சொன்னார்: "சாமி ஊத்துனது வெந்நீரா, பச்சத் தண்ணியான்னே எனக்குத் தெரியலப்பா." அவர் அத்துணை ஆழ்ந்த செபத்தில் திளைத்திருந்தார் போலும் என்று எங்களுள் ஒருவர் கூற, மற்றவர்கள் தலையசைத்தோம். வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடமும் அதனை ஒரு பக்திச் செய்தியாகவே சொன்னோம்.

அந்த ஆண்டு ஆகஸ்டில், வழக்கம்போல் வேளாங்கண்ணிக்குப் பாதயாத்திரை புறப்பட்டோம். தஞ்சையிலிருந்து அம்மாப்பேட்டை, நீடாமங்கலம், கொரடாச்சேரி, திருவாரூர், கீழ்வேளூர் என்று செல்லும் வழி அது. ஏறத்தாழ நூறு கிலோமீட்டர். ஆகஸ்டு 29 மாலைக் கொடியேற்றத்திற்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும் என்பது எங்கள் கணக்கு. காவி உடை, சிறு சப்பரத்தில் மாதாவின் சுரூபம், பின்னால் பாயும் அரிசியும் தண்ணீர்க் குடமும் ஏற்றிய சாமான் வேன். பத்து மணிக்கு மேல் தார்ச்சாலை அடுப்புக்கல்போல் கொதிக்கும். செருப்பணிந்தவர்களும் எங்களிடையே உண்டு. ஆனால் வெறுங்காலோடு நடப்பவர்களுக்குத்தான் மரியாதை. இதை யாரும் வெளிப்படையாகச் சொன்னதில்லை. யார் வெறுங்காலோடு வந்தார் என்பதை மட்டும் ஆண்டுதோறும் நினைவில் வைத்திருந்தோம்.

வாத்தியார் வெறுங்காலோடு நடந்தார். மகளுக்குக் குழந்தை வரம் வேண்டி நேர்ந்துகொண்டிருந்தார்.

முதல் இரவு நீடாமங்கலத்தில் தங்கினோம். எங்களோடு நடந்த செவிலியர் பெண், எல்லாருடைய கால்களையும் பார்த்துக் கொப்புளங்களுக்கு மருந்திட்டுக்கொண்டே வந்தவர், வாத்தியாரின் இடக்காலருகே சற்று நேரம் நின்றுவிட்டார். பெருவிரலின் அடியில் உள்ளங்கையளவு தோல் வழன்றிருந்தது. அவரோ வலியில்லை என்றார். உண்மையாகவே அவருக்கு வலிக்கவில்லை. "ஐயா, வலிக்கலைங்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு. நாளைக்கு வேன்ல வாங்க" என்று அந்தப் பெண் கெஞ்சினார். அப்போது நாங்கள் சொன்னதை இங்கே மறைக்காமல் எழுத வேண்டும் என்று கூட்டத்தில் முடிவாயிற்று. "மாதா காரியத்துல குறுக்க நிக்காதம்மா, அவ பாத்துக்குவா" என்றோம். செவிலியர் வாய்மூடினார். தம் விசுவாசத்தில் குறையிருப்பதாக எண்ணிவிடுவோமோ என்று அஞ்சியதாகப் பின்னர் சொன்னார்.

அவர் அஞ்சியதன் காரணத்தை நாங்கள் மருத்துவமனை வராந்தாவில்தான் கற்றுக்கொண்டோம். இரத்தத்தில் சர்க்கரை நெடுங்காலம் மிகுந்திருந்தால், உடலின் மிக நீண்ட நரம்புகள், அதாவது பாதம்வரை செல்பவை, முதலில் கெடுகின்றன. சூடும் குளிரும் முள்ளும் தெரியாமற் போகின்றன. குருதிக்குழாய்கள் குறுகுவதால் புண்ணுக்குப் போதிய இரத்தம் வந்து சேர்வதில்லை, கிருமிக்கோ கொண்டாட்டம். வலி என்பது இறைவன் நம் உடலில் வைத்த காவற்காரன் என்றால், வாத்தியாரின் பாதங்களில் அந்தக் காவற்காரன் எப்போதோ மாண்டுபோயிருந்தான். பெரிய வியாழனன்று அவர் சிரித்துக்கொண்டே எங்களுக்கு அறிவித்தது அந்த மரணத்தைத்தான்.

அக்டோபரில் இடக்காலின் பெருவிரலையும் அடுத்த விரலையும் எடுத்துவிட்டார்கள். கஜா புயல் கரையைக் கடந்த நவம்பர் 16 அன்று, ஓடு பறந்த வீட்டிலிருந்து அவரைக் கட்டிலோடு தூக்கிப் பள்ளிக்கூடத்திற்குக் கொண்டு சென்றோம். காலில் கட்டு ஈரமாகிவிடக் கூடாதே என்று செவிலியர் தம் சேலைத் தலைப்பால் அதைப் போர்த்திக்கொண்டே வந்தார்.

அதன்பின் நடந்த அன்பியக் கூட்டங்கள் எளிதாக இல்லை. "சிலுவையைச் சுமந்துகொண்டு வரச் சொன்னவர் ஆண்டவர்தானே? வலியை ஒப்புக்கொடுப்பது தவறா?" என்று ஒருவர் கேட்டார். நல்ல கேள்வி. ஒறுத்தல் நம் திருச்சபையின் பழம்பெரும் சொத்து. தவக்காலத்தைக் கைவிட்டுவிட்டு உடற்பயிற்சிக் கூடத்தில் போய் முழந்தாளிடச் சொல்லும் காலத்தில் நாம் வாழ்கிறோம் என்பதும் மெய்யே. உடலை வழிபாட்டுப் பொருளாக்குவதைக் கண்டிக்கும் அதே கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் (1992), அதற்கு முந்திய பத்தியிலேயே, உயிரும் உடல்நலமும் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த விலைமதிப்பற்ற கொடைகள் என்றும், அவற்றைப் பொறுப்போடு பேண வேண்டும் என்றும் கூறுகிறது. 2288, 2289 என்று அடுத்தடுத்த எண்கள். நாங்கள் இரண்டாவதை மறையுரைகளில் கேட்டிருந்தோம். முதலாவதை வாத்தியாரின் கட்டிலருகே அமர்ந்துதான் வாசித்தோம்.

நோன்பின் சட்டத்தையும் தேடிப் பார்த்தோம். 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1252-ஆம் விதிப்படி, நோன்புக் கடமை பதினெட்டு வயது நிறைந்தவர்களுக்குத் தொடங்கி, அறுபதாம் வயதின் தொடக்கத்தோடு முடிகிறது. ஆறேழு ஆண்டுகளாகத் திருச்சபை தம்மிடம் கேளாத நோன்பை, மாத்திரையையும் விழுங்கிவிட்டுத் தவக்காலம் முழுவதும் ஒருவேளை உணவோடு வாத்தியார் கடைப்பிடித்து வந்திருக்கிறார். நாங்களும் அதைப் பாராட்டி வந்திருக்கிறோம்.

புனிதர்களுள் இருவர் எங்களுக்கு ஆறுதலாகவும் கடிந்துரையாகவும் வந்தனர். அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் தம் உடலைக் கழுதைச் சகோதரன் என்று அழைத்தவர். அந்தச் சகோதரனை வாட்டி வதைத்தவர். தாம் அவனுக்கு எதிராக மிகவும் பாவம் செய்துவிட்டதாக இறுதிக் காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதியவர்கள் குறித்துள்ளனர். புனித இஞ்ஞாசியாரின் கதை இன்னும் நேரடியானது. 1522-இல் மன்ரேசாவில் அவர் மேற்கொண்ட கடுந்தவம் அவரது வயிற்றை வாழ்நாள் முழுமைக்கும் கெடுத்தது. அவரே 1548-இல் பிரான்சிஸ் போர்ஜியாவுக்கு எழுதிய மடலில், நோன்பைக் குறைக்கும்படியும், ஆன்மாவைப் போலவே உடலும் இறைவனுக்குரியது, இரண்டுக்கும் கணக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அறிவுறுத்துகிறார். தாம் பட்டதை மற்றவர் படக்கூடாது என்று எண்ணிய ஒருவரின் மடல் அது. எங்கள் கூட்டத்தில் அதை வாசித்தபோது செவிலியர் மட்டும் எழுந்து சமையலறைக்குள் சென்றுவிட்டார்.

ஆயினும் எங்களை மிகவும் தொட்டது எலியாவின் கதையே. அரசர்கள் முதல் நூலின் பத்தொன்பதாம் அதிகாரம். பாலைநிலத்தில் ஒரு நாள் வழி நடந்து, சூரைச்செடியின் அடியில் விழுந்து, சாவை வேண்டிக் கேட்கிறார் இறைவாக்கினர். அவரிடம் வந்த தூதர் அவருடைய நம்பிக்கைக் குறைவைக் கண்டிக்கவில்லை. எழுப்பி, சுட்ட அப்பமும் நீரும் தருகிறார், உறங்க விடுகிறார், மறுபடி எழுப்பி மறுபடி உண்ணச் சொல்கிறார், வழி நெடுந்தொலைவு என்பதால். அதன் பின்னர்தான் ஓரேபு மலைக்கு நாற்பது நாள் பயணம். நீடாமங்கலத்தில் எங்களிடமும் ஒருவர் மருந்துப் பெட்டியோடு வந்து கெஞ்சினார். நாங்கள் அவரை வாய்மூடச் செய்தோம்.

சீராக்கின் ஞான நூலின் 38-ஆம் அதிகாரம், நோயுற்றவன் இறைவனிடம் மன்றாடட்டும் என்று சொன்ன கையோடு மருத்துவருக்கும் இடம் கொடு என்கிறது. அவரையும் ஆண்டவரே படைத்தார் என்கிறது. நாங்கள் பாதி அதிகாரத்தோடு நூலை மூடி வைத்தவர்கள்.

இவ்வளவும் பேசியபின் வாத்தியாரிடமே கேட்டோம், அந்த நடைக்காக வருந்துகிறாரா என்று. அவர் நெடுநேரம் பேசவில்லை. "நடந்தது தப்பில்லப்பா. பாக்காம நடந்ததுதான் தப்பு" என்றார். எங்களுள் சிலருக்கு இந்த விடை இன்றுவரை நிறைவளிக்கவில்லை. எனினும் அவர் விரல்களை இழந்தவர். சொல்லும் உரிமை அவருடையது.

அன்று முதல் அவர் இரவுதோறும் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார். ஒன்பது மணிக்கு ஆன்ம சோதனை செய்வது அவருடைய இளமைக் காலப் பழக்கம். இப்போது அதற்கு முன்னர் நாற்காலியில் அமர்ந்து, பாதங்களைக் கழுவி, விரலிடுக்குகளை ஈரமின்றித் துடைத்து, ஒரு முகக்கண்ணாடியைத் தரையில் வைத்து உள்ளங்கால்களை உற்றுப் பார்க்கிறார். தண்ணீரின் சூட்டை அவருடைய மனைவி முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகே ஊற்ற விடுவார். வெறுந்தரையில் கால் வைப்பதில்லை, வீட்டிற்குள்ளும் எம்.சி.ஆர். செருப்புத்தான். ஆன்ம சோதனையில் சில நாள் கண்ணயர்ந்துவிடுவதுண்டாம். பாத சோதனையில் ஒருநாளும் தவறியதில்லை என்று அம்மா எங்களிடம் கோள்மூட்டினார்.

எங்களிடமும் சில மாறுதல்கள் வந்தன. கேசரி போய்ச் சுண்டல் வந்தது. பிள்ளைகள் இன்னும் எங்களை மன்னிக்கவில்லை. 2021-இல் தமிழக அரசின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வந்து, சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மாத்திரைகள் வீடு தேடி வரத் தொடங்கியபோது, அதை வாங்க வெட்கப்பட்ட மூன்று வீடுகளுக்குச் செவிலியரும் வாத்தியாரும் சேர்ந்தே சென்றனர். 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு, நாட்டில் பத்துக் கோடிப் பேருக்கு மேல் நீரிழிவு உள்ளது என்கிறது. எங்கள் பதினேழு வீடுகளில் அது இல்லாத வீடுகளை எண்ண ஒரு கை போதும்.

பாதயாத்திரையை நாங்கள் விட்டுவிடவில்லை. கொரோனாவால் 2020-இல் திருப்பயணிகளின்றியே விழா நடந்தது. நிலைமை சீரானதும் மீண்டும் நடந்தோம். புறப்படுவதற்கு முந்தைய மாலை, வாத்தியார் வீட்டுத் திண்ணையில் அனைவரும் வரிசையாகக் கால்நீட்டி அமர வேண்டும் என்பது இப்போதைய விதி. செவிலியர் தந்த மெல்லிய நைலான் இழையை வாத்தியார் கையிலெடுத்துக்கொண்டு, பழைய பள்ளிக்கூடக் குரலில் கண்களை மூடச் சொல்வார். ஒவ்வொருவர் உள்ளங்காலிலும் அதன் நுனியை அழுத்தி, "தெரியுதா?" என்று கேட்பார். தெரிந்தவர் செருப்போடு நடக்கலாம்.

சென்ற முறை எங்களுள் ஒருவர், நாற்பத்தெட்டு வயதுக்காரர், சர்க்கரை பார்த்தே பல ஆண்டுகள் ஆனவர், விடை சொல்லாமல் அமர்ந்திருந்தார். வாத்தியார் மீண்டும் அழுத்தினார். "இன்னும் தொடலயா ஐயா?" என்று கண்ணை மூடியபடியே அவர் கேட்டார். திண்ணையில் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் இழையைக் கீழே வைத்துவிட்டு, அந்தப் பாதத்தைத் தம் இரு கைகளாலும் பற்றிக்கொண்டு, "தம்பி, நாளைக்குக் காலைல ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு, நீங்க எங்கூட வேன்ல வாங்க" என்றார்.