பாரிய கொழும்பும் சிறிய யாழ்ப்பாணமும்

யாழ்ப்பாணத்துக்கு வெளிநாட்டு முதலீடு ஏன் வரவில்லை என்று எவரேனும் கேட்டால், நம்மவரிடம் ஆயத்தமாக ஒரு விடை இருக்கிறது: போர். அவ்விடை பொய்யன்று, ஆனால் முழுமையானதுமன்று. போர் மூளுவதற்கு முன்பே, ஒரு சட்டத்தின் பெயரிலேயே விடையின் முதற்பகுதி எழுதப்பட்டுவிட்டது.

1977 இல் பதவிக்கு வந்த ஜே.ஆர். ஜயவர்தனவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு மூலதனத்தை வரவேற்பதற்கென 1978 இல் ஓர் ஆணைக்குழு அமைக்கப்பட்டது. அதன் பெயர் பாரிய கொழும்புப் பொருளாதார ஆணைக்குழு. பெயருக்கேற்ப அதன் அதிகார எல்லையும் கொழும்பை அண்டிய பிரதேசமாகவே இருந்தது. வரிச் சலுகைகளும் தீர்வை விலக்குகளும் அங்கே குவிந்தன. கட்டுநாயக்க சுதந்திர வர்த்தக வலயம் அதே ஆண்டில் உருவாயிற்று. பியகம 1980களின் நடுப்பகுதியில் தொடர்ந்தது. அக்காலத்தில் நான் பத்திரிகைத் தொழிலுக்குப் புதியவன். அச்சுக்குப் போகவிருந்த செய்தியைப் பார்த்துவிட்டு மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், “கொழும்பு பாரியதெண்டால் யாழ்ப்பாணம் சிறியதுதானே தம்பி” என்றார். அவர் வேடிக்கையாகத்தான் சொன்னார்.

‘இனம் இனத்தோடு சேரும், பணம் பணத்தோடு சேரும்’ என்பது நம்முடைய பழமொழி. பொருளியலாளர்கள் நெடுங்காலமாக ஆராய்ந்துவருவதும் இதைத்தான். 1890 இல் அல்பிரட் மார்ஷல் எழுதினார். இத்துறை ஆய்வுகளுக்காகவே 2008 இல் போல் குருக்மன் நோபல் பரிசு பெற்றார். முதலாவது நிறுவனம் விமான நிலையத்தையும் துறைமுகத்தையும் பார்த்து வருகிறது. இரண்டாவது நிறுவனம் முதலாவதைப் பார்த்து வருகிறது. பத்தாவது வரும்போது பயிற்சி பெற்ற தையற் பெண்கள், இயந்திரம் திருத்துவோர், பொத்தானும் பெட்டியும் வழங்குவோர், கப்பல் முகவர், ஏற்றுமதி ஆவணம் அறிந்த வங்கி உத்தியோகத்தர் எல்லோரும் அங்கே ஆயத்தமாக இருக்கிறார்கள். பதினோராவது நிறுவனம் வேறிடம் போவதாயின் இவை அனைத்தையும் தன் செலவில் உருவாக்க வேண்டும். அதற்கு எந்த முதலாளி முன்வருவார்?

யாழ்ப்பாணம் அப்படியொன்றும் வெறுங்கையோடு இருந்த இடமன்று. ஜீ.ஜீ. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த காலத்தில், 1950 இல், காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை இயங்கத் தொடங்கியது. சுண்ணாம்புக் கல்லும் துறைமுகமும் ரயில் பாதையும் ஓரிடத்தில் இருந்தமையே அதற்குக் காரணம். 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயமும் மிளகாயும் விளைவித்த குடாநாட்டு விவசாயி தலை நிமிர்ந்தான். கட்டுநாயக்கவுக்கு முதலீட்டைக் கொணர்ந்த அதே திறந்த கதவு, அவனுடைய சந்தைக்கு இறக்குமதி மிளகாயைக் கொணர்ந்தது.

பின்னர் 1983 வந்தது. இலங்கையில் ஆலை அமைக்க ஆயத்தமான மோட்டோரோலா, ஹரிஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் பின்வாங்கின. கொழும்புக்கே அந்நிலையென்றால் வடக்கின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. 1990 இல் சீமெந்து ஆலை மூடப்பட்டது. அதைச் சூழ்ந்த வலிகாமம் வடக்கு உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. பாரிய கொழும்பு ஆணைக்குழு, நாடு முழுவதற்குமான முதலீட்டுச் சபையாக மாறியது 1992 இல். சட்டத்தின் கதவு யாழ்ப்பாணத்துக்குத் திறந்தபோது, இங்கே மின்சாரமும் இல்லை, ரயிலும் இல்லை, பாதையும் இல்லை.

2009 இல் போர் முடிந்தது. 2014 ஒக்டோபரில் யாழ்தேவி மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. 2019 இல் பலாலி சர்வதேச விமான நிலையமாயிற்று. 2023 இல் நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே பயணிகள் கப்பல் ஓடியது. எனினும் ஏற்றுமதிக் கொள்கலன் இன்னும் ஏறத்தாழ நானூறு கிலோமீற்றர் கடந்து கொழும்புத் துறைமுகத்துக்கே போகவேண்டும். பெரிய ஆடைத் தொழிற்சாலைகள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் நின்றுவிட்டதில் வியப்பில்லை. மன்னாரிலும் பூநகரியிலும் 44 கோடி டொலருக்கு மேற்பட்ட காற்றாலைத் திட்டத்துக்கு 2023 இல் அங்கீகாரம் பெற்ற அதானி நிறுவனம், மின்சார விலை குறித்த மீளாய்வுக்குப் பின் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது.

ரொறன்ரோவிலிருந்து வந்த நண்பர் ஒருவர், பழச்சாறு பதனிடும் சிறு ஆலையொன்றைத் தென்மராட்சியில் தொடங்க விரும்பினார். காணி உறுதியில் சிக்கல். பங்காளிகள் மூவர் மூன்று நாடுகளில். ஒவ்வொரு அனுமதிக்கும் கொழும்புப் பயணம். ஈராண்டின் பின் கம்பஹாவில் வாடகைக் கட்டடம் ஒன்றில் ஆலையைத் தொடங்கிவிட்டார். “அண்ணை, ஊருக்குச் செய்யவெண்டுதான் வந்தனான். ஊருக்குப் போற வழியெல்லாம் கொழும்புக்குள்ளால கிடக்கு” என்றார். அவரைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை.

புலம்பெயர்ந்தோரின் பாசம் ஒன்றே ஊரைத் தூக்கி நிறுத்திவிடும் என்போர் சீனாவைப் பார்க்கவேண்டும். 1980 இல் அங்கே நான்கு விசேட பொருளாதார வலயங்கள் தெரிவாகின. தென்கிழக்காசியா எங்கும் பரந்து வாழும் சீனர் பலரின் பூர்வீகம் என்பதனாலேயே ஷாந்தூ அவற்றுள் ஒன்றாயிற்று. ஆனால் வளர்ந்தோங்கியது ஹொங்கொங்கின் வாசலில் இருந்த ஷென்சென். ஷாந்தூ வெகுதூரம் பின்தங்கியது. பாசம் முதற் பணத்தைக் கொண்டுவரும்; இரண்டாவது பணத்தைக் கொண்டுவருவது துறைமுகமும் நிருவாகமுமே.

தமிழ்நாட்டின் கதையும் இதையே சொல்கிறது. 1996 இல் ஹூண்டாய் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் வந்தபோது சென்னைத் துறைமுகம் அருகில் இருந்தது. அதனோடு, காணியும் மின்சாரமும் தருகிறேன் என்று வாக்களிக்க அதிகாரமுள்ள மாநில அரசொன்று மேசைக்கு மறுபுறம் அமர்ந்திருந்தது. நம் வடமாகாண சபை 2013 இல் முதன்முதலாகத் தெரிவாகி, 2018 இல் காலாவதியாயிற்று. பின்னர் ஆண்டுக்கணக்காகத் தேர்தலின்றி ஆளுநரே நிருவகித்தார். சபை இருந்தபோதும் காணி அதிகாரம் அதன் கைக்கு வரவில்லை. வாக்களிக்க அதிகாரமற்றவரிடம் முதலீட்டாளர் எதைப் பேசுவார்?

ஆகையால் யாழ்ப்பாணத்தை இன்னொரு கட்டுநாயக்கவாக்கும் கனவு வேண்டாம். நிலத்தடி நீரையே நம்பி வாழும் குடாநாடு, நீரை விழுங்கும் ஆலைகளைத் தாங்கவும் மாட்டாது. 2024 டிசம்பரில் இந்தியா கொடையுதவியை உறுதிசெய்த காங்கேசன்துறைத் துறைமுகப் புனரமைப்பு நிறைவேறிச் சரக்குக் கப்பல் வரட்டும். காணி உறுதிகள் தெளிவாகட்டும். அனுமதி வழங்கும் மேசையொன்று யாழ்ப்பாணத்திலேயே இருக்கட்டும். மாநாடுகளில் யாழ்ப்பாணத்துக்கு முதலீடு வாருங்கள் என்று அழைப்போரிடம் நாம் இம்மூன்றையும் கேட்கவேண்டும். இவை கிட்டாவிடின், ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருந்து வரும் பணம் கோயில் கோபுரத்துக்கும் பூட்டிய மாடிவீட்டுக்கும் போய்க்கொண்டிருக்கும். படித்த பிள்ளைகள் கொழும்புக்குப் பேருந்து ஏறிக்கொண்டிருப்பார்கள்.