விதியல்ல, வெயில்!

"எல்லாம் அவன் செயல்" என்று சொல்லிச் சும்மா இருப்போர் ஒரு சாரார். "ஏன்? எப்படி? எதனால்?" என்று கேட்டு எழுந்து நிற்போர் மற்றொரு சாரார். நாட்டிலே நடைபெறும் பெரும் போராட்டங்களில் மட்டுமா இவ்விரு சாராரும் எதிரெதிரே நிற்கின்றனர்? வீட்டு மூலையிலே, நாலடி நீளமுள்ள ஒரு பெட்டியின் முன்னேயும் நிற்கின்றனர்! அந்தப் பெட்டியைப் பற்றித்தான் இவ்வாரம் பேச விரும்புகிறோம். அதற்குள்ளே பொன்னில்லை, பட்டில்லை; ஓர் ஓணான் இருக்கிறது. நகைத்து விடாதீர்கள், தோழர்களே! ஓர் ஓணானை நாம் எப்படிப் பார்க்கிறோம் என்பதிலே, நம் அறிவு எங்கே நிற்கிறது என்பதும் தெரிந்துவிடும்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி நோக்கிச் செல்லுங்கள். கரிசல் ஒரு புறம். பனையும் உடைமரமும் நிற்கும் மேட்டுநிலம் ஒரு புறம். ஆண்டின் பெரும்பகுதி மணலை மட்டும் சுமந்து கிடக்கும் குண்டாறு. எங்கும் பரவிவிட்ட சீமைக் கருவேலம். மனிதன் நிழல் தேடத் தொடங்கும் முற்பகலிலே, வேலிக்கல்லின் மேல் தலை தூக்கி அமர்ந்து வெயிலை வரவேற்கும் உயிர் ஒன்று உண்டு. அதுதான் ஓணான். இந்த மண்ணின் மூத்த குடி! அந்த மூத்த குடிக்கு நம்மவர் தந்த மரியாதை என்ன? ஈர்க்கின் நுனியிலே ஒரு சுருக்கு!

ஏன் அடிக்கிறாய் என்று சிறுவனைக் கேளுங்கள். தாகம் என்று கேட்ட இராமனுக்கு அணில் இளநீர் தந்ததாம். ஓணான் சிறுநீர் தந்ததாம்! ஆகவே அணிலின் முதுகிலே மூன்று கோடு. ஓணானின் கழுத்திலே கயிறு! வால்மீகியின் நூலிலே இந்த அணிலும் இல்லை, ஓணானும் இல்லை. திண்ணையிலே பிறந்து தெருவிலே வளர்ந்த கதை, தீர்ப்பாக மாறிவிட்டது. செய்யாத குற்றம், செய்ததாக ஒரு கதை, அந்தக் கதைக்காகப் பரம்பரை பரம்பரையாகத் தண்டனை! பிறப்பினாலேயே குற்றவாளி! இத்தகைய தீர்ப்பை நாம் வேறெங்கும் கேட்டதில்லையா? நம் பாட்டனும் பூட்டனும் கேட்டுக் கேட்டுக் கூனிய தீர்ப்பல்லவா அது!

ஓணானின் உறவான பல்லிக்கு வேறு உத்தியோகம் தந்திருக்கிறார்கள். அது சோதிடர்! தலையிலே விழுந்தால் இன்ன பலன், தோளிலே விழுந்தால் இன்ன பலன் என்று பஞ்சாங்கம் பட்டியல் போடுகிறது. காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலிலே பொன்பல்லி, வெள்ளிப்பல்லி. தொட்டால் தோஷம் நீங்குமாம். பல்லி ஒலி எழுப்புவது தன் எல்லையை அறிவிக்கவும் தன் இணையை அழைக்கவும்தான். அதன் காதற்பேச்சை ஒட்டுக்கேட்டு நம் திருமண நாளைக் குறிக்கிறோம்!

இது வடவர் தந்த வழக்கம் மட்டும் என்று சொல்லித் தப்பவும் நாம் விரும்பவில்லை. குறுந்தொகையின் பாலைப்பாட்டு ஒன்றிலே ஓணான் வருகிறது. அதன் முதுகைக் கருக்கரிவாளுக்கு ஒப்பிட்ட அந்தப் புலமையின் கூர்மையை எண்ணி எண்ணி மகிழ்கிறோம். ஆனால் அதே பாட்டிலே, வழிப்போக்கர்கள் அந்த ஓணானைக் கண்டு நிமித்தமும் பார்க்கிறார்கள்! கண்ணின் கூர்மையைப் போற்றுவோம், நிமித்தத்தைத் தள்ளுவோம். பழமை தமிழுடையதாயினும் மடமை மடமையே.

மடமை ஏமாளியைப் படைக்கிறது. ஏமாளி இருக்குமிடத்தில் வணிகன் கடை விரிக்கிறான். வடநாட்டிலே 'ஹத்தா ஜோடி' என்று ஒரு வேரை விற்றார்கள். கூப்பிய கைகள் போன்ற வடிவம். வீட்டிலே வைத்தால் செல்வம் கொழிக்குமாம். 2017ஆம் ஆண்டிலே ஆய்வாளர்கள் அந்த வேரின் கதையை உலகுக்கு உடைத்துச் சொன்னார்கள். அது வேரே அன்று. உடும்பின் ஆணுறுப்பை அறுத்து உலர்த்தியது! செல்வம் வேண்டிப் பூசையறையிலே வைத்துத் தொழுதவர்கள் எதைத் தொழுதார்கள் என்பதை நாம் விளக்க வேண்டியதில்லை. வறண்ட மேற்கு இந்தியாவின் முள்வால் பல்லியைப் பிடித்து, முதுகை ஒடித்து, கொழுப்பை உருக்கி, 'சாண்டா எண்ணெய்' என்று ஆண்மை மருந்தாக விற்கும் கொடுமையும் இதன் உடன்பிறப்பே.

இனிப் பெட்டிக்கு வருவோம்.

அருப்புக்கோட்டையிலே நெசவுக் குடும்பத்து இளைஞர் ஒருவர், நம் படிப்பகத்துக்கு வருபவர், 'பியர்டட் டிராகன்' எனப்படும் தாடி ஓணான் ஒன்றை வெளியூர்க் கடையொன்றிலே வாங்கி வந்தார். ஆஸ்திரேலியாவின் உள்நாட்டு வறள்நிலத்துக்கு உரிய உயிர் அது. விற்றவர் ரசீதும் தரவில்லை, விவரமும் தரவில்லை. மீன் வளர்க்கும் கண்ணாடித் தொட்டி ஒன்றையும் கடை மணல் ஒரு பையையும் கொடுத்து, "சன்னல் ஓரம் வையுங்கள், போதும்" என்றாராம். சில மாதங்கள் சென்றன. ஓணானின் கால்கள் நடுங்கின, தாடை மெழுகுபோல் இளகியது, முதுகு வளைந்தது. இளைஞரின் தாயார் நம்மிடம் சொன்னார்: "தம்பி, இது பல்லி தோஷம். வீட்டுக்கு ஆகாது. பரிகாரம் செஞ்சிட்டு எங்கேயாவது விட்டுடச் சொல்லுங்க."

அந்த அம்மையாரை நாம் பழிக்க மாட்டோம். வாயில்லா உயிர் வதைபடுவதைக் காணப் பொறாத நெஞ்சம் அவருடையது. நோய்க்குக் காரணம் தேடினார். அவருக்கு எவரோ கற்றுத் தந்திருந்த ஒரே காரணம் தோஷம். கற்றுத் தந்தவர்கள்தாம் குற்றவாளிகள்.

உண்மைக் காரணம் என்ன? கதிரவன் ஒளியிலே கண்ணுக்குத் தெரியாத புற ஊதாக் கதிர்கள் உண்டு. அவற்றிலே 290 முதல் 315 நானோமீட்டர் அலைநீளமுள்ள பகுதி தோலிலே படும்போதுதான், உடல் தனக்கு வேண்டிய வைட்டமின் டி3 ஐ ஆக்கத் தொடங்குகிறது. அது கல்லீரலிலும் சிறுநீரகத்திலும் பதம் பெற்ற பிறகே, உணவிலுள்ள கால்சியம் குடலிலிருந்து உடலிலே ஏறும். கதிர் இல்லையேல் கால்சியம் ஏறாது. ஏறாவிடில், உடல் தன் எலும்பையே கரைத்துத் தின்னும்! சன்னல் ஓரம் வைத்தோமே, வெயில் படுகிறதே என்பார்கள். வெளிச்சம் வருகிறது, ஆனால் இந்தக் கதிரைச் சன்னல் கண்ணாடி தடுத்துவிடும். நாள்தோறும் வெயிலைக் கண்டுகொண்டே வெயிலின்றி வாடியது அந்த உயிர்.

மனிதக் குழந்தைக்கும் இதே கதைதான். ஐரோப்பாவின் ஆலைநகரங்களிலே, புகையும் இருளும் சூழ்ந்த சந்துகளிலே, கால் வளைந்த குழந்தைகள் நிறைந்திருந்த காலம் உண்டு. 1919ஆம் ஆண்டு பெர்லின் நகரிலே குர்ட் ஹுல்ட்ஷின்ஸ்கி என்ற மருத்துவர், அத்தகைய குழந்தைகள் மீது பாதரச விளக்கின் புற ஊதா ஒளியைப் பாய்ச்சினார். எலும்புகள் உறுதி பெற்றன. முன்வினையை எவரும் கழிக்கவில்லை. பரிகாரம் எதுவும் நடக்கவில்லை. விளக்கு எரிந்தது, நோய் விலகியது! விதியல்ல தோழர்களே, வெயில்!

ஆகவே நாம் சொன்னோம்: "பரிகாரம் செய்வோம், அம்மா. ஆனால் தச்சுப்பட்டறையிலே செய்வோம்."

நாலடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம். வளர்ந்த தாடி ஓணானுக்கு இதற்குக் குறைவான இடம் ஆகாது. பயனின்றிக் கிடந்த பழைய தறியின் கட்டைகள் சட்டத்துக்கு வந்தன, பக்கங்களுக்கு ஒட்டுப்பலகை, முன்புறம் நகரும் கண்ணாடி. வார்னிஷ் பூசி, வாடை முழுதும் அகலும் வரை பல நாள் திறந்து வைத்தோம். காற்று புக ஒரு பக்கத்தின் கீழே துளைகள். எதிர்ப்பக்கத்தின் மேலே துளைகள். சூடான காற்று மேலே வெளியேறும். குளிர்ந்த காற்று கீழே நுழையும். ஊதுகுழலும் வேண்டாம், உருத்திராட்சமும் வேண்டாம்!

ஒரு முனையிலே வெப்ப விளக்கு. அதன் கீழே தட்டைக் கல். அங்கே 40 பாகை செல்சியஸ் அளவு. மறு முனையிலே நிழல். அங்கே 30 பாகையைத் தாண்டலாகாது. ஓணான் தன் உடலுக்குள்ளே வெப்பத்தை ஆக்கிக் கொள்ளாது. சூடு வேண்டுமானால் இந்தப் பக்கம், தணிய வேண்டுமானால் அந்தப் பக்கம் என்று தானே நடந்து சரிசெய்து கொள்ளும். அந்த உரிமையை அதற்குத் தருவதுதான் பெட்டியின் தலையாய வேலை. புற ஊதாக் குழல்விளக்கைப் பெட்டிக்குள்ளேயே, இடையிலே கண்ணாடி இன்றி, உரிய தொலைவிலே பொருத்தினோம். அதன் வெளிச்சம் குன்றாவிடினும் கதிர் குன்றிவிடும். ஆகவே உரிய காலத்தில் மாற்ற வேண்டும் என்று தேதி எழுதி ஒட்டினோம். மணலை அகற்றி ஓடு பதித்தோம்; நலிந்த உயிர் உணவோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துவிடும்.

வெளிநாட்டு நூல்கள் எல்லாம் எப்படிச் சூடாக்குவது என்று கற்பிக்கின்றன. நம் ஊரின் சிக்கல் நேர்மாறு! சித்திரை மாதத்து நண்பகலிலே அந்த ஓட்டு வீட்டுக்குள்ளே வெப்பமானியை வைத்தோம். 37 பாகை காட்டிற்று. குளிர்முனை எங்கே? ஆகவே பெட்டியை வடக்குப் பார்த்த அறைக்கு மாற்றினோம். சூடு மிகுந்தால் வெப்ப விளக்கைத் தானே அணைக்கும் கருவியை இணைத்தோம். பெட்டிக்கு வெளியே, துளைகளின் அருகே, நீர் நிறைந்த மண்பானையை வைத்தோம். நூல் சொன்னது என்பதற்காக அப்படியே செய்வது வைதிகம். அளந்து பார்த்துச் செய்வதே அறிவு. வேதமாயினும் சரி, விஞ்ஞான நூலாயினும் சரி!

மதுரையிலே கால்நடை மருத்துவர் ஒருவர் கால்சிய மருந்து தந்தார். உணவுப் பூச்சிகளின் மேல் கால்சியத் தூள் தூவப்பட்டது. வாரங்கள் சென்றன. நடுக்கம் நின்றது, தாடை உறுதியாயிற்று, ஓணான் கல்லின் மேல் ஏறி அமர்ந்தது. ஆனால் வளைந்த முதுகு நிமிரவில்லை. இனி நிமிரவும் நிமிராது. காலத்திலே கிடைக்காத ஒளி, காலங்கடந்து கிடைத்தால் உயிரைக் காக்கும். இழந்ததை எல்லாம் மீட்டுத் தராது. கல்வி மறுக்கப்பட்ட தலைமுறைகளை எண்ணிப் பாருங்கள். இதற்கு மேல் நாம் விளக்க வேண்டியதில்லை. "அவர்கள் இயல்பே அப்படி" என்று சொல்வோரிடம் கேளுங்கள்: இயல்பா, இருட்டா?

பெட்டியின் செய்தி பரவிற்று. திருச்சுழிப் பக்கத்து இளைஞர் இருவர் வந்து, "அண்ணே, உடும்புக் குட்டி ஒண்ணு இருக்கு. அதுக்கும் ஒரு பெட்டி செஞ்சு தாங்க" என்றனர். மறுத்தோம். 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையிலே இருக்கிறது உடும்பு. பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம் என்றோம். சட்டம் இல்லாவிடினும் மறுத்திருப்போம். தன் நாட்டுக்குத் திரும்ப வழியற்ற உயிருக்குப் பெட்டி கட்டுவது கடமை. வேலிக்கு அப்பால் வீடுள்ள உயிரைப் பெட்டியிலே அடைப்பது கொடுமை. அவர்கள் வனத்துறைக்குத் தகவல் தர இசைந்தனர். இன்னொன்றும் சொன்னோம்: நம் பெட்டியைப் பார்த்துப் புதிதாக ஓர் ஓணானை எவரும் வாங்கக் கூடாது. உலக உடன்படிக்கையின் கீழ்வரும் வெளிநாட்டு உயிர்களை வைத்திருப்போர் பதிவு செய்ய வேண்டும் என்று 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டமும் 2024ஆம் ஆண்டின் விதிகளும் கூறுகின்றன. ரசீது தராத கடையிலே பணம் தருவது, கடத்தலுக்குத் தரும் கூலியாகிவிடும்.

ஓணானைக் காண ஆசையா? கரிசல் வரப்புக்கும் மணற்பாங்கான மேட்டுக்கும் போங்கள். கழுத்தின் கீழே விசிறி விரித்துத் துணையை அழைக்கும் சிறு ஓணான் இனங்கள் நம் வறண்ட நிலங்களிலே வாழ்கின்றன. 1829ஆம் ஆண்டு குவியே என்ற பிரெஞ்சு அறிஞர் அவற்றுள் ஒன்றுக்குப் புதுச்சேரியின் பெயரைச் சூட்டினார். 2016ஆம் ஆண்டிலே ஆய்வாளர்கள் மேலும் இரண்டு இனங்களுக்குத் தமிழ்ச் சொற்களையே அறிவியற் பெயராக்கினர்: ஒன்று 'சித்தானா விசிறி', மற்றொன்று 'சித்தானா மருதம்நெய்தல்'. நம் பனையோலை விசிறியும் நம் ஐந்திணையும் உலக அறிவியலின் ஏட்டிலே ஏறின! அந்த உயிர் வாழும் நிலத்தையோ நாம் 'தரிசு' என்கிறோம், 'வீண் நிலம்' என்கிறோம். பயனில்லை என்று பெயரிடுவது, பறிப்பதற்கு முன்னே செய்யும் சடங்கு. மனிதருக்கும் அப்படித்தான் செய்தார்கள்.

ஆகவே இளந்தோழர்களே, அடுத்த கூட்டத்துக்கு வரும்போது இரண்டு வேலைகளை முடித்துவிட்டு வாருங்கள். உங்கள் தெருச் சிறுவன் கையிலுள்ள சுருக்கை வாங்கி, அவனுக்கு இராமன் கதைக்குப் பதிலாக வெயிலின் கதையைச் சொல்லுங்கள். உங்கள் வீட்டுப் பஞ்சாங்கத்திலே பல்லிப் பலன் அச்சிட்ட பக்கத்தைத் திறந்து, பல்லி விழுந்த நாளையும் அன்று நடந்ததையும் ஓராண்டு குறித்து வையுங்கள். கிழிக்க வேண்டாம், ஒப்பிட்டுப் பாருங்கள். ஆண்டு முடிவிலே, அந்தப் பக்கத்தை என்ன செய்வது என்று உங்கள் தாயாரே சொல்வார்.