துருவ வட்டத்துக்கு அப்பால் ஒரு பந்தாட்டம்

பந்து விளையாடுவதற்கு உகந்த ஸ்தலம் என்று போடோ நகரத்தைப் பூகோள சாஸ்திரிகள் எவரும் சிபார்சு செய்யமாட்டார்கள். நார்வே தேசத்தின் வடபாகத்தில், ஆர்க்டிக் வட்டத்தையும் தாண்டி, கடலோரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர் அது. ஜனத்தொகை ஐம்பதினாயிரத்துக்குச் சற்று அதிகம். டிசம்பர் மத்தியில் சில வாரங்கள் சூரிய பகவான் மலைக்கு மேல் தலை நீட்டுவதே இல்லை. ஜூன் மாதத்திலோ அஸ்தமிக்க மனமின்றி நடுநிசியிலும் வானத்தில் உலாவிக்கொண்டிருப்பார்.

இத்தகைய ஊருக்கு 2025-ம் வருஷம் மே மாதத்தில், பள்ளிக்கூட விடுமுறையில், குடும்ப சகிதமாகப் போய்ச் சேர்ந்தோம். டிரான்ட்ஹைம் நகரிலிருந்து வடக்கே 729 கிலோமீட்டர். ரயிலில் ஏறக்குறைய பத்து மணி நேரப் பிரயாணம். வட்டத்தைக் கடக்கும் மலை வெளியில் மே மாதத்திலும் வெண்பனி விரித்திருந்தது. போடோவுடன் தண்டவாளம் முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் கடல்தான்.

நாம் சென்றது ஊருக்கு அருகிலுள்ள சால்ட்ஸ்ட்ரௌமன் என்னும் கடற்சுழியைக் காண்பதற்கே. சுமார் 150 மீட்டர் அகலமுள்ள ஒரு நீரிணை வழியாக, ஆறு மணிக்கொரு தரம் திசை மாறி, கடல் முழுவதும் புகுந்து புறப்படுவதுபோல் பாயும் காட்சி அது. கண்டோம், பிரமித்தோம். ஆனால் ஊருக்குள் திரும்பியபோது அதைவிடப் பெரிய சுழி ஒன்று அங்கே கிளம்பியிருந்தது. கடை ஜன்னல்களிலும் குழந்தைகளின் கழுத்துத் துணிகளிலும் எங்கு பார்த்தாலும் மஞ்சள் நிறம்! சிலர் ஆள் உயரத்துக்கு ஒரு மஞ்சள் பல் பிரஷைத் தோளில் சுமந்து போனார்கள்.

"இது என்ன வேண்டுதல், ஐயா?" என்று விடுதிக்காரரைக் கேட்டோம். அவர் அறுபதைக் கடந்தவர். சிரித்துக்கொண்டே, "நாளை இரவு எங்கள் கிளிம்ட் லண்டன் டாட்டன்ஹாமுடன் ஆடுகிறது. ஐரோப்பியப் போட்டியில் அரை இறுதி. நார்வேயின் எந்தச் சங்கமும் இதற்குமுன் இவ்வளவு தூரம் போனதில்லை" என்றார். 1970-களில் ரசிகர் கூட்டத்தின் பாட்டை நடத்தி வைத்த ஒருவர் கையில் கோலுக்குப் பதில் பல் பிரஷ் இருந்ததாம். அன்று முதல் அதுவே கொடியும் சின்னமுமாகிவிட்டது.

கிளிம்ட் என்றால் ஒளிக்கீற்று. 1916-ல் பிறந்த இந்தச் சங்கத்தின் பெயருடன் ஊர்ப் பெயரும் பின்னால் சேர்ந்து 'போடோ கிளிம்ட்' ஆயிற்று. 1940 மே 27-ந் தேதி ஜெர்மன் விமானங்கள் குண்டு வீசி ஊரின் பெரும் பகுதியைச் சாம்பலாக்கின. வீடுகளைத் திரும்பக் கட்டிக்கொண்ட ஜனங்கள் பந்தையும் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். ஆனால் யாருடன் ஆடுவது?

இங்கேதான் விடுதிக்காரரின் குரல் சற்றுக் கனத்தது. தேசியக் கோப்பைப் போட்டியில் வடநாட்டுச் சங்கங்களுக்கு 1963 வரையில் இடமே கிடையாது. அவர்களுடைய ஆட்டத்தின் தரம் போதாது என்பது தெற்கே இருந்தவர்களின் தீர்ப்பு. தேசத்தின் உயர்ந்த பிரிவுக்கு ஏறும் வழி 1972-ல்தான் திறந்தது. அப்பொழுதும் வடக்கே முதலாவதாக வந்த சங்கம், தெற்கே இரண்டாவதாக வந்தவர்களை வென்று காட்ட வேண்டும் என்று ஒரு தனி நிபந்தனை.

பிறகு நடந்ததைக் கேளுங்கள். 1975-ல் போடோ கிளிம்ட் தேசியக் கோப்பையை வென்றது. வடநாட்டுக்குக் கோப்பை கிடைத்தது அதுவே முதல் தடவை. 1977-ல் உயர்ந்த பிரிவில் கால் வைத்த முதல் வருஷத்திலேயே இரண்டாம் ஸ்தானம்! தரம் என்பது ஒரே நாளில் வானத்திலிருந்து குதித்துவிடுமா? முன்பே இருந்திருக்கிறது, அளந்து பார்க்க ஒருவரும் அனுமதிக்கவில்லை.

அதன் பின்னும் சுகவாசம் இல்லை. பணமுடையால் சங்கம் மூழ்கும் நிலைக்கு வந்தபோது, ஊரார் காலிப் புட்டிகளைச் சேகரித்து விற்றுக்கூட உதவினார்களாம். 2016-ல் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. மறு வருஷமே ஏறி வந்தது. அச்சமயம் பியோர்ன் மான்ஸ்வெர்க் என்ற முன்னாள் போர் விமானி ஆட்டக்காரர்களின் மனப் பயிற்சிக்கு வந்தார். 2018-ல் கியெடில் க்னுட்சன் தலைமைப் பயிற்சியாளரானார். இவர்களுடைய உபதேசம் விசித்திரமானது: 'ஜெயத்தைப் பற்றிப் பேசாதே; இன்று நன்றாக ஆடினாயா என்று மட்டும் கேள்.' 2020-ல், முப்பது ஆட்டங்களில் 103 கோல் போட்டு, வடநாட்டுக்கு முதல் லீக் பட்டத்தைக் கொணர்ந்தார்கள். மறு வருஷம் ரோமாபுரியின் புகழ்பெற்ற ரோமா கோஷ்டியை இதே ஊரில் 6-1 என்று வென்றார்கள்.

நாம் போன சமயத்தில் அவர்கள் கடந்து வந்த பாதையையும் சொல்லவேண்டும். நார்வேயின் லீக் வசந்தத்தில் தொடங்கிப் பனிக்காலத்துக்குள் முடிவது. ஐரோப்பியப் போட்டியோ இலையுதிர் காலத்தில் தொடங்கி மே மாதம் முடிவது. 2024 டிசம்பர் 1-ந் தேதி, கடைசி ஆட்டத்தில் லில்லெஸ்ட்ரோமை 5-1 என்று வென்று லீக் பட்டத்தை எடுத்தார்கள். மற்ற ஊரார் ஓய்வுக்குப் போனபோது இவர்களுக்கு ஐரோப்பிய வேலை மிச்சமிருந்தது. போர்ட்டோவைப் பத்து பேராக நின்று 3-2 என்று வென்றது செப்டம்பரிலேயே. மார்கழி, தை, மாசியில் உள்நாட்டு லீக் ஆட்டம் கிடையாது. பிறகு, அடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் செயற்கைப் புல் தரையில், டுவென்டேயை 5-2, ஒலிம்பியாக்கோஸை 3-0, லாட்சியோவை 2-0. ரோமாபுரியில் லாட்சியோ 3-1 என்று சமன் செய்துவிட, தண்ட உதைகளில் கோல் காவலர் நிகிதா ஹைகின் கடைசி உதையைத் தடுத்துக் கரை சேர்த்தார்.

இவர்கள் எல்லோரும் விலைக்கு வாங்கிய வீரர்களல்லவே என்பதுதான் ஊராரின் பெருமை. தலைவர் பாட்ரிக் பெர்கின் பாட்டனாரும் தகப்பனாரும் இதே மஞ்சள் சட்டையில் ஆடியவர்கள். பெர்கும் ஹௌகேயும் அந்நிய தேசம் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவர்கள்.

மே 8-ந் தேதி மாலை. மைதானத்தில் இடம் எட்டாயிரத்துச் சொச்சம். பொது விற்பனைக்கு வந்த டிக்கட்டுகள் ஐந்நூறுக்கும் குறைவு. மீனைப் பண்டமாற்றாகக் கொடுத்து டிக்கட் வாங்கினவர்களும் உண்டு என்று பேசிக்கொண்டார்கள். நம்மிடம் மீனும் இல்லை. விடுதிக் கூடத்தில் தொலைக்காட்சிக்கு முன் உட்கார்ந்தோம். இரவு ஒன்பது மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது ஜன்னலில் இன்னும் வெயில். லண்டனில் 3-1 என்று தோற்று வந்திருந்தார்கள். இரண்டு கோலாவது போடவேண்டும். ஊரின் ஆரவாரம் ஜன்னல் வழியாகவே கேட்டது. தொலைக்காட்சிப் படம் சில விநாடி பின்தங்கி வருவது அல்லவா? அறுபத்து மூன்றாம் நிமிஷத்தில், திரையில் ஒன்றும் நிகழாதபோதே, வெளியே ஆரவாரம் பட்டென்று நின்றது. விடுதிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகுதான் டாட்டன்ஹாமின் கோலைத் திரையில் கண்டோம். இன்னும் ஒன்று விழுந்தது. ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

சற்று நேரத்தில் வெளியே மறுபடி பாட்டுக் கேட்டது. "தோற்றவர்களுக்கா பாட்டு?" என்றோம். "1963 வரை தோற்பதற்குக்கூட எங்களுக்கு இடமில்லை, ஐயா" என்றார் அவர்.

அன்றிரவு நமக்குத் தூக்கம் வரவில்லை. இரவின் வெளிச்சத்தை மட்டும் குறை சொல்வதற்கில்லை. வருஷந்தோறும் பேச்சுப் போட்டிக்கு மாணவர்களைப் பொறுக்கி அனுப்புவது நம் பொறுப்பு. மலைக் கிராமத்திலிருந்து வரும் ஒரு பையனை மூன்று வருஷம் விலக்கி வைத்தோம். "முதலில் தேறு, பிறகு மேடை ஏறலாம்" என்றோம். "மேடை ஏறாமல் எப்படி ஸார் தேறுவது?" என்று அவன் கேட்டான். அதை அதிகப்பிரசங்கித்தனம் என்று எண்ணினோம்.

2026 ஜனவரி 20-ல் அதே மைதானத்தில் மான்செஸ்டர் சிட்டியை போடோ கிளிம்ட் 3-1 என்று வென்ற சமாசாரம் பின்னால் நமக்குக் கிடைத்தது. ஆனால் அந்த வெற்றிக்காக நாம் காத்திருக்கவில்லை. விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த முதல் வாரத்திலேயே, பேச்சுப் போட்டிக்கான ஜாபிதாவில் அந்தப் பையனின் பெயரை முதலில் எழுதினோம்.