மாமாவின் மர்சேய்க்காரர்

போல் மொரியா என்ற பிரெஞ்சு இசைக்கலைஞரின் பெயரை எனக்கு முதலில் சொன்னவர் தாய்மாமா. பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து, மர்சேயில் கொஞ்ச காலம் குடித்தனம் நடத்தி, பென்ஷனோடு புதுச்சேரி திரும்பியவர். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்குச் சொல்தா வீடு, அதாவது சிப்பாய் வீடு, என்றே பெயர். அவருடைய டிரங்குப் பெட்டியில் துணிமணியைவிட இசைத்தட்டுதான் அதிகம். அதிலும் முக்கால்வாசி மொரியா. “நம்ம மர்சேய்க்காரன்டா” என்பார், அத்தனை உரிமையோடு.

எழுபதுகளின் சாயங்காலங்கள் அவை. ஆயா விளக்கேற்றிக் கும்பிட்டு முடிக்கும்வரை பிளேயரைத் தொடக் கூடாது. அப்புறம் மாமா தட்டை விளிம்பில் மட்டும் விரல் படும்படி உறையிலிருந்து எடுப்பார். மெல்லிசுத் துணியால் வட்டமாகத் துடைப்பார். ஊசியை வைத்ததும் ஒரு சின்னக் கரகரப்பு, பிறகு ஹார்ப்சிகார்டு.

யாரோ வீணையை வேகமாக மீட்டுவதாகத்தான் என் காதில் விழுந்தது. பியானோவில் கட்டையை அழுத்தினால் சுத்தி தந்தியை அடிக்கும், இதில் ஒரு சின்ன முள் தந்தியைச் சுண்டிவிடும், அதனால்தான் இந்தக் கணீர் என்று மாமா விளக்கினார். அதன் பின்னாலேயே வயலின்கள் கூட்டமாக எழும்பும். “யாரு மாமா பாடுவாங்க?” என்று பொறுக்க முடியாமல் கேட்டேன். “யாரும் பாட மாட்டாங்க. வாத்தியமே பாடும், கேளு.”

‘லவ் இஸ் ப்ளூ’ என்று உலகம் அறிந்த அந்த மெட்டு, ஆந்த்ரே பொப் போட்டது. 1967-ல் வியன்னாவில் நடந்த யூரோவிஷன் போட்டியில் லக்சம்பர்க் சார்பில் விக்கி லியாண்ட்ரோஸ் பாடினார். நாலாவது இடம்தான் கிடைத்தது. மொரியா அதையே குரல் இல்லாமல் ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதினார். 1968 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் முதலிடத்துக்கு ஏறி, ஐந்து வாரம் இறங்கவே இல்லை. எந்த அடியை எந்த வாத்தியத்திடம் கொடுப்பது, வயலினை எதுவரை அடக்கிவைத்து எங்கே அவிழ்த்துவிடுவது என்று முடிவுசெய்த கை அதில் தெரிகிறது. இசைகோர்ப்பவரை மெட்டுப் போட்டவருக்கு ஒரு படி கீழே வைப்பதை நான் இன்றுவரை ஒத்துக்கொண்டதில்லை. கடைகளிலும் ஹோட்டல்களிலும் ஒலிக்கிற பின்னணிச் சங்கீதம்தானே என்று இதை ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபமே வரும்.

1925-ல் பிறந்தவர் மொரியா. நாலு வயதில் பியானோ, பத்து வயதில் மர்சேய் இசைக்கல்லூரி. பதின்வயது முடிவதற்குள் ஜாஸ் இழுத்துக்கொண்டது; யுத்தக் காலத்திலேயே நடன இசைக்குழு ஒன்றைச் சேர்த்துவிட்டார். பாரிஸில் ஷார்ல் அஸ்னவூருக்கு இசை அமைத்துக்கொடுத்த வருஷங்களில்தான் கை பழுத்திருக்க வேண்டும். 1965-ல் பிலிப்ஸ் நிறுவனத்துக்காகத் தன் பெயரிலேயே பெரிய ஆர்கெஸ்ட்ரா தொடங்கினார். ஜப்பானியர்கள் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்; கடைசிக் கச்சேரிகூட 1998-ல் ஒசாகாவில்தான்.

மாமாவிடம் ஒரு சின்னத் தட்டும் இருந்தது. பெட்டுலா கிளார்க் பிரெஞ்சில் பாடிய ‘ஷாரியோ’. ஃபிராங்க் பூர்செலும் மொரியாவும் சேர்ந்து புனைபெயரில் போட்ட மெட்டு. 1963-ல் ‘ஐ வில் ஃபாலோ ஹிம்’ என்று லிட்டில் பெக்கி மார்ச் பாடி அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. “உறையில பேர் இல்லாட்டி என்னடா, அவன் மெட்டுதான்” என்று சொல்லி, மாமா அதை மட்டும் இரண்டு தரம் போடுவார். அடுப்படியில் அம்மா, சொல் ஒன்றும் புரியாமலே, மெட்டைப் பிடித்துக்கொண்டு கூடவே பாடுவாள்.